காணாமல் போன வண்டல்

ஆய்வகத் தரையில் குப்புறப் படுத்து, கைபேசி வெளிச்சத்தை வெள்ளை பிளாஸ்டிக் கேனுக்குப் பின்னால் பிடித்து, அதன் அடிவயிற்றில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்திருக்க நேரமில்லை. எழுந்தால் படுத்திருந்தது உறுதியாகிவிடும். படுத்தே இருந்தால் வழுக்கி விழுந்ததாகவாவது சொல்லிக்கொள்ளலாம்.

“என்ன மேடம், ஏதாவது தொலைஞ்சு போச்சா?” ஆய்வக அட்டெண்டரின் குரல்.

“தோடு.”

அட்டெண்டர் குனிந்து அவளுடைய வலது காதைப் பார்த்தார். சுற்றி வந்து இடது காதையும் பார்த்தார். “கிடைச்சிடுச்சு போல,” என்று சொல்லிவிட்டு, மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போன நடையில் ஓர் அவசரம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. குற்றமில்லாதவன் துடைப்பத்தை அப்படியா எடுப்பான்?

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டவுட் மேடம். பாடம் முடிந்ததும் “டவுட் இருந்தா கேளுங்க” என்று சொல்கிற வழக்கம் அவளுக்கில்லை, கேட்பதெல்லாம் அவள்தான். மாணவர்களுக்கு அளவு சரியாக வந்தால் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதியதாகச் சந்தேகம். தவறாக வந்தால் பக்கத்து மேஜையைத் தவறாகப் பார்த்து எழுதியதாகச் சந்தேகம். கல்யாணம் பேசிய நாட்களில், மாப்பிள்ளையின் அலுவலகத்துக்கே போன் போட்டு, “இப்படி ஒருத்தர் அங்கே உண்மையிலேயே வேலை பாக்கறாரா, இல்ல வந்து உக்காந்துட்டுப் போறாரா?” என்று கேட்டவள். போனை எடுத்தது மாப்பிள்ளையே. “ரெண்டும்தாங்க,” என்று அவர் சொன்ன அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

இப்போது அவளுடைய சந்தேகமெல்லாம் அந்தக் கேனைச் சுற்றித்தான்.

அவள் இந்தக் கல்லூரிக்கு வரும்வரை வேதியியல் ஆய்வகத்தில் கழிவு என்று ஒரு பொருளே கிடையாது. உப்புச் சோதனை நடக்கும். ஒவ்வொரு மேஜையிலும் சோதனைக் குழாய்களில் ஈயமும் துத்தநாகமும் தாமிரமும் வெள்ளையும் நீலமுமாக வந்து நிற்கும். மதிப்பெண் போட்டதும் எல்லாவற்றையும் சிங்க்கில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டால் முடிந்தது கதை. கண்ணுக்குத் தெரியாமல் போனது உலகத்தில் இல்லாமல் போனது என்பதுதான் துறையின் எழுதப்படாத விதி. அவள் வந்து, ஈயம் அப்படி இல்லாமல் போகாது, போகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் காது கொடுக்கவில்லை. இதற்கெல்லாம் ஒரு கேடயம் கொடுக்கிறார்களாம் என்று போகிற போக்கில் ஒருநாள் சொன்னதும் துறைத்தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

துறைத்தலைவருக்கு மைக் சார் என்று பெயர். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பதுபோலவே பேசுவார். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூட, “இன்றைய சூழலில் நாம் அனைவரும் எதிர்கொள்ளும் ஒரு மாபெரும் சவால்...” என்றுதான் ஆரம்பிப்பார். அவர் இந்த ஏற்பாட்டுக்கு ‘நச்சில்லா நாளை’ என்று பெயர் வைத்து, அதை மூன்று முறை தொடங்கி வைத்தார். முதல் முறை முதல்வர் வரவில்லை, இரண்டாம் முறை புகைப்படக்காரர் வரவில்லை.

ஏற்பாடு எளிமையானதுதான். மாணவர்கள் உலோகக் கழிவைச் சிங்க்கில் ஊற்றாமல் கேனில் ஊற்றவேண்டும். சாயங்காலம் அதில் ஒரு மக் காரக் கரைசல் சேர்த்தால் உலோகமெல்லாம் தயிர்போலத் திரிந்து அடியில் வண்டலாகப் படியும். வண்டலைக் காயவைத்து, மூடி போட்ட பீப்பாயில் சேர்த்து, நச்சுக் கழிவு எடுக்க வருகிற வண்டிக்காரர்களிடம் கொடுத்துவிடவேண்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரைக் குழாய் வைத்து இழுத்துப் பின்கட்டு சிமெண்ட் தொட்டிக்கு விடலாம். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிய தண்ணீரும் சிங்க்கிலிருந்து அதே தொட்டிக்குத்தான் வந்து சேரும். அங்கிருந்து ஒரு குழாய், ஆசிரியர் குடியிருப்பின் தோட்டத்துக்கு.

அந்தக் கடைசிக் குழாய் அவளுடைய யோசனை அல்ல. அது மைக் சாரின் கைவண்ணம். குழாய் வாயருகே ‘இது கழிவல்ல, கனிவு’ என்று பலகை வேறு. வேண்டாம் சார், சாக்கடைக்கே போகட்டும் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். “உங்க திட்டத்துமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார் அவர். அவளுக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவளுடைய வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டிய பேனா மைக் சாரின் சட்டைப் பையில் இருந்தது.

திட்டம் தொடங்கிய புதிதில் வண்டல் கெட்டியாக இறங்கியது. வெள்ளையும் வெளிர்நீலமும் கலந்து, கரண்டியை நட்டால் நிற்கும்போல் இருந்தது. கொஞ்ச நாளாக அப்படியில்லை. கேனில் ஊற்றுவது குறையவில்லை. அவளே பக்கத்தில் நின்று, சிங்க் பக்கம் கை நீட்டுகிற மாணவர்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அடியில் இப்போது மெல்லிசாக ஒரு நீலப் படலம் மட்டும்தான். வெள்ளையைக் காணோம். மேலே தண்ணீர் மட்டும் பளிங்குபோல நிற்கிறது. மைக் சார் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். அவள் கேனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

பொருள் அழியாது. ஓர் இடத்தில் குறைந்தால் இன்னோர் இடத்தில் கூடியிருக்கவேண்டும். அவளுடைய பாடத்துக்கும் சுபாவத்துக்கும் பொதுவான ஒரே கொள்கை அதுதான். அப்படியானால் வெள்ளை வண்டலை யாரோ எடுக்கிறார்கள். காயவைத்து, சுரண்டி, பீப்பாயில் அடைக்கிற வேலை அட்டெண்டருடையது. நாற்றம் பிடித்த வேலை. படிவதற்கு முன்பே கலக்கிச் சிங்க்கில் ஊற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஊற்றினால் அது சிமெண்ட் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து தோட்டத்துக்குப் போகும். தோட்டத்தில் அவளுடைய புருஷன் தக்காளி போட்டிருந்தார். அந்தத் தக்காளியைச் செடியிலிருந்து பறித்து, பாவாடையில் துடைத்து, அப்படியே கடித்துத் தின்பது அவளுடைய மகள்.

அட்டெண்டர் காரத்தையாவது ஒழுங்காக ஊற்றுகிறாரா என்பதிலும் அவளுக்கு நிச்சயமில்லை. அதனால் அவர் சாவியை மாட்டிவிட்டுப் போனதும், அவளே ஒரு மக் அளந்து கேனில் ஊற்றிவிடுவாள். லிட்மஸ் தாள் நீலமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஊற்றுவாள். அவர் ஊற்றியது அவர் கணக்கு, இது அவள் கணக்கு.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

“இதப் பாரு,” என்று புருஷன் ஒரு தக்காளி இலையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். இலையின் ஓரம் தீயில் வாட்டியதுபோல் சுருண்டிருந்தது. “இது பூச்சி இல்ல. வெயிலும் இல்ல. ஃபிஸிக்ஸ்காரர் வீட்டு அம்மா, துணி துவைச்ச தண்ணிய ராத்திரியோட ராத்திரியா வேலி வழியா தள்ளி விடறாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். ‘உங்க தக்காளி நல்லா வருதே’ன்னு சொன்னப்ப அந்தக் குரலே சரியில்ல.”

“நல்லா வருதேன்னுதானங்க சொன்னாங்க?”

“அதைச் சொல்ற விதம் இருக்குல்ல.”

வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறவர் அவர். தக்காளி வந்த பிறகு தொழில் மாறிவிட்டது. செடிகளோடு பேசுவதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செடிகள் திருப்பிப் பேசியிருந்தால் பல விஷயம் முன்பே தெரிந்திருக்கும். குழாய் வாயில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதை அவள் கவனித்தாள். குழாய்த் தண்ணீர் விழும் சிறிய சிமெண்ட் பள்ளத்தின் சுவரிலும் அதே பூச்சு, மாவு தடவியதுபோல. மகள் அதன்முன் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் அந்த வெள்ளையில் ஒரு பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

“அது என்னங்க வெள்ளையா?”

“சுண்ணாம்பு. தண்ணில உப்பு அதிகம்,” என்றார் புருஷன், எல்லாம் தெரிந்தவராக.

“குட்டி, எழுந்திரு. கை கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு.”

“மீசை மட்டும் வரையறேம்மா.”

“மீசையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வா இங்க!”

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு மகள் மட்டுமல்ல, புருஷனும் கைகழுவப் போனார்.

அட்டெண்டரைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம், தராசு அறையின் கதவிடுக்கில் நின்றுகொண்டாள். வகுப்புகள் முடிந்து மாடி காலியானது. முதலில் வந்தது அட்டெண்டர் அல்ல, மைக் சார். நடைபாதையில் யாருமில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குள் போய், சற்று நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவருடைய சட்டைக் கைமடிப்பில் கொஞ்ச நாளாக ஓட்டை ஓட்டையாக அரித்திருந்தது. யாராவது கேட்டால் “உழைப்பின் தழும்பு” என்பார். அவர் சுற்று வருவது வழக்கம்தான். அவள் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய மனிதர்கள் மேடையில்தான் தப்பு செய்வார்கள், ஆய்வகத்தில் செய்யமாட்டார்கள் என்ற நினைப்பில் விட்டாளோ என்னவோ. சந்தேகத்திலும் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அட்டெண்டர் வந்தார். உள்ளே தண்ணீர்ச் சத்தம். திரும்பும்போது கையில் துண்டு போர்த்திய ஒரு கேன், கனத்தில் தோள் சாய்ந்திருந்தது. அவள் கதவைத் திறந்துகொண்டு குறுக்கே போய் நின்றாள்.

“என்ன அண்ணே அது?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“ஒண்ணும் இல்லாததுக்குத் துண்டு எதுக்கு?”

அட்டெண்டர் கேனைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “டிஸ்டில்டு வாட்டர், மேடம். மச்சான் பேட்டரிக் கடை வச்சிருக்கான். கட்டிக் கொடுத்த நாள்லேர்ந்து ‘அக்கா புருஷன் காலேஜ்ல இருக்காரு, ஒரு சொட்டுத் தண்ணிக்கு வழியில்ல’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். மானம் போகுது.”

அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். லிட்மஸ் தாளால் அதைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான்.

“நம்பலையா? வேணும்னா குடிச்சுக் காட்டவா?”

“வண்டலை என்ன பண்றீங்க?”

“எந்த வண்டல்? இருந்தாத்தானே எடுக்கறதுக்கு? நானே கேக்கணும்னு இருந்தேன். காலையில வந்து பாத்தா அடியில ஒண்ணும் இல்ல. நீங்கதான் பெரிய ஆராய்ச்சி ஏதோ பண்ணி எடுத்துட்டுப் போறீங்கன்னு நினைச்சேன். அன்னைக்குப் படுத்துக் கிடந்தீங்களே.”

அவள் அவரை முறைத்தாள். அவரும் முறைத்தார். இருவரும் ஒருவரையொருவர் திருடரென்று இத்தனை நாளாக உறுதியாக நம்பியிருந்தது அந்த நடைபாதையில் வெட்டவெளிச்சமானது. ஒருவருக்கும் அதில் வெட்கமில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

விடை கிடைத்தது முதலாண்டு வகுப்பில்.

ஈயச் சோதனை. பின்வரிசைப் பெண் ஒருத்தி, எல்லாவற்றையும் வேடிக்கையாகவே பார்க்கிற பெண், சோதனைக் குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “மேடம், காணோம்!”

“எது?”

“வெள்ளை! காரம் ஊத்தினேன், அழகா வெள்ளையா வந்துச்சு. நல்லா வரட்டுமேன்னு இன்னும் ஊத்தினேன். காணாம போச்சு. சத்தியமா நான் எடுக்கல மேடம், வேணும்னா பையச் சோதிச்சுக்கங்க.”

வகுப்பு சிரித்தது. அவள் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, பேருந்தில் டிக்கெட் கேட்கிற நடத்துனரின் குரலில், ஆண்டாண்டாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தைச் சொன்னாள். “காரம் அளவா ஊத்தினா ஈயம் வெள்ளையா படியும். அளவுக்கு மேல ஊத்தினா திரும்பக் கரைஞ்சிடும். துத்தநாகமும் அப்படித்தான். தாமிரம் கரையாது, நீலமாவே நிக்கும். எழுதிக்க...”

சாக்குக்கட்டி கையிலேயே நின்றது.

நீலம் மட்டும் நிற்கும். வெள்ளை கரைந்துவிடும். தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவள் ஆய்வகத்தின் மறுகோடிக்கு ஓடினாள். அட்டெண்டர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தினமும் கேன்ல எவ்வளவு காரம் ஊத்தறீங்க?”

“ஒரு மக். நீங்க சொன்னபடிதான். ஒரு சொட்டுக் கூடாது, குறையாது.” அவர் குரலில் சண்டைக்குத் தயாரான ஒரு விறைப்பு. “அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ சார் வந்து ஒரு மக் ஊத்துவார். ‘உன்னை நம்பி டிபார்ட்மெண்ட் மானத்தை விட முடியாதுப்பா’ம்பார். அதுக்கப்புறம் நீங்க வந்து ஊத்துவீங்க.”

“நான் ஊத்தறது உங்களுக்குத் தெரியுமா?”

“மக் இடம் மாறியிருக்குமே மேடம்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? நான் ஊத்தலன்னு நினைச்சுத்தானே ரெண்டு பேரும் ஊத்தறீங்க. நான் ஊத்தினேன்னு சொன்னா மட்டும் நம்பிடப் போறீங்களா?”

அவள் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு மக் போதும். ஒருவரையொருவர் நம்பாத மூன்று பேர் மூன்று மக் ஊற்றியிருக்கிறார்கள். லிட்மஸ் தாள் பாவம், காரம் இருக்கிறது என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். போதும் நிறுத்து என்று சொல்லத் தெரியாது. தெரிந்த தாள், பல நிறத்தில் படிப்படியாகக் காட்டுகிற தாள், கேடயத்துக்காகப் பலகை எழுதக் காசு போன மாதத்தில் வாங்காமல் விடப்பட்டிருந்தது. படிந்த ஈயத்தைத் தட்டி எழுப்பி, தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகத் தக்காளிக்கு அனுப்பிவைத்தது யாருமல்ல, அவளுடைய சொந்தக் கைதான். இலை ஓரம் வெந்தது காரத்தில். பள்ளத்தின் சுவரில் பூத்த வெள்ளை, மற்றத் தண்ணீரோடு கலந்து காரம் தணிந்ததும் திரும்பப் படிந்தது. அதில்தான் பூனை.

கேனிலிருந்த தெளிந்த நீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, அமிலம் சில சொட்டு விட்டாள். பளிங்குக்குள்ளிருந்து பால்போல் வெள்ளை திரண்டு வந்தது. அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

“அட, இங்கதான் இருக்கா!” என்றார்.

தோட்டத்துக்குப் போகும் குழாயை அவள் அப்போதே மூடி, கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு மைக் சாரின் அறைக்குப் போனாள். மறுநாள் கேடய விழா. அவர் கண்ணாடி முன் நின்று வரவேற்புரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“யார் சொல்லி வந்தீங்க?” என்றார் கடைசியில்.

“யாரும் சொல்லல சார். டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்.”

“ஃபிஸிக்ஸ்காரன்தானே? போன வருஷம் கேடயம் அவனுக்குக் கிடைக்கல, தெரியுமில்ல?”

“சார், ஈயம் சார். குழந்தைங்க சாப்பிடற...”

“மேடம்.” அவர் திரும்பினார். குரல் மைக்கிலிருந்து இறங்கி, முதல்முறையாகச் சாதாரண மனுஷக் குரலானது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “நாளைக்கு விழா முடியட்டும். அப்புறம் ஒரு கமிட்டி போடலாம். நீங்களே அதுக்குத் தலைவி. உங்க நிரந்தரத் தாளும் மேஜையிலதான் இருக்கு, பாத்தீங்கல்ல? ரெண்டையும் சேத்தே முடிச்சிடுவோம்.”

வீட்டுக்குப் போய் அவள் தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்க ஆரம்பித்தபோது புருஷன் ஓடிவந்தார். “என்னடி பண்றே? செடிங்க மேல உனக்கு என்ன கோபம்?” அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஃபிஸிக்ஸ்காரர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். புருஷன் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, “நல்லா காயுதுங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்ட விதம் சரியில்லை போலிருக்கிறது.

இருட்டுவதற்குள் மகளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி குத்துமுன் குழந்தை கேட்டது ஒன்றுதான். “நான் என்ன தப்பு பண்ணேன்?” ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போகவேண்டுமாம். முடிவு வரச் சில நாள் ஆகுமாம்.

விழா கூடத்தில் மேடைக்குச் சரிகைத் துணி, மேஜைக்குச் சரிகைத் துணி, மேஜைமேலிருந்த கண்ணாடிக் குவளைக்குக்கூட ஒரு சரிகைத் துணி. சிறப்பு விருந்தினர் சுற்றுச்சூழல் அதிகாரி. ஒல்லியான, முகத்தில் எதுவும் எழுதியிராத மனிதர். கொடுத்த பழச்சாற்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்காருமுன் அதன் காலை ஆட்டிப் பார்த்தார். முன்வரிசையிலிருந்த அவளுக்கு, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த கூடப்பிறந்தவனைக் கண்டதுபோல் இருந்தது. அவளுடைய கைப்பையில், குழாயின் கைப்பிடிக்குப் பக்கத்தில், மூக்குள்ள இரண்டு சிறு சொட்டுப் புட்டிகள் இருந்தன. எதற்காக எடுத்து வந்தாள் என்று அவளே தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

மைக் சார் உச்சத்தில் இருந்தார். நதிகளைப் பற்றிப் பேசினார். கடலைப் பற்றிப் பேசினார். வருங்காலச் சந்ததி என்று சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குவளையின் துணியை விலக்கி அதை விளக்கொளியில் உயர்த்தினார்.

“பாருங்கள்! நேற்று நச்சு, இன்று பளிங்கு! நமது மாணவர்களின் கழிவு, நமது துறையின் கைபட்டு, இதோ... இதைத் தண்ணீர் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. அன்னையின் அன்பு என்பேன். குடிக்கக்கூடச் செய்யலாம்!”

கைதட்டல். அது அடங்குவதற்குள், அதிகாரி தன் முன்னிருந்த மைக்கில் வாயைக்கூடச் சரியாகத் திறக்காமல் சொன்னார்.

“குடிங்களேன்.”

குவளை அந்தரத்தில் நின்றது. மைக் சார் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் கிண்டல் செய்ததாகவும் தெரியவில்லை. குடிப்பதைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது அவருக்கு, அவ்வளவுதான். மைக் சார் எச்சில் விழுங்கிய சத்தம் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது.

அவருடைய கண் முன்வரிசையில் வந்து அவள்மேல் நின்றது. அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்தது, மேஜைமேலிருக்கும் தாள் இருந்தது, அதற்கெல்லாம் அடியில் ஒரு கெஞ்சலும் இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். குடித்தால் குடிக்கட்டும், அளவு அப்படியொன்றும் உடனே சாய்த்துவிடாது. குடிக்காவிட்டால் அவர் பாடு. எப்படியிருந்தாலும் அவள் கை சுத்தம். கை சுத்தம் என்று நினைத்தபோது, முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சைக் காலையில் பிய்த்துப் பார்த்துவிட்டு, “ரத்தம் நின்னுடுச்சும்மா” என்று மகள் காட்டியது நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்து மேடையேறினாள்.

“சார், குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டிடலாமே,” என்றாள், நிகழ்ச்சி நிரலில் இருப்பதுபோல. மைக் சார் குவளையைக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால், அதை யாராவது வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்று அந்தக் கை ஏங்கியிருந்தது தெரிந்தது.

முதல் புட்டியிலிருந்து அமிலம். பளிங்கு கலங்கிப் பாலானது. கூடம் “ஓ” என்றது. இரண்டாவது புட்டியிலிருந்து அயோடைடு, சொட்டுச் சொட்டாக. பாலுக்குள் மஞ்சள் வெடித்தது. பழுத்த, பளபளக்கிற, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். ஈயம் இருந்தாலொழிய வராத மஞ்சள். முதலாண்டு மாணவர்கள் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்கிற மஞ்சள். கழிவிலிருந்து தங்கம் வந்துவிட்டதாகவே கூடம் நினைத்தது. பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல்வர் தட்டினார். ஃபிஸிக்ஸ்காரர்கூட வேண்டாவெறுப்பாகத் தட்டினார்.

கடைசி வரிசையில், கதவோரம் நின்ற அட்டெண்டர் தட்டவில்லை. முதலாண்டுப் பெண்கள் கூட்டத்தில், அந்தப் பின்வரிசைப் பெண் தட்ட எடுத்த கையைப் பாதியில் நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் அதிகாரி தட்டவில்லை. குவளையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.

“இந்தத் தண்ணி எங்க போகுது?” என்று கேட்டார்.

கைதட்டல் அங்கங்கே தேய்ந்து நின்றது. மைக் சார் அந்தக் கல்லூரியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். கையிலிருந்த மைக்கை, அது சுடுவதுபோல, அவளிடம் நீட்டினார்.

ஒரு கையில் மைக்கையும் மறு கையில் குவளையையும் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். மஞ்சள் துகள்கள் மேடை விளக்கில் மினுமினுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமில்லாமல் இறங்கின. குவளையின் அடியில் வெகு நாளைக்குப் பிறகு வண்டல் சேர்ந்துகொண்டிருந்தது.